தேங்காய்க் கணக்கு

உடல் செலவழிப்பதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் எடை குறையும். இந்த வித்தியாசத்துக்குக் கலோரி பற்றாக்குறை என்று பெயர். விதியில் ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் சாப்பிட்டது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்ற இரண்டு எண்களில் ஒன்றைக்கூட வீட்டில் இருந்துகொண்டு சரியாக அளக்க முடியாது. எல்லா வம்பும் அங்கேதான் தொடங்குகிறது.

என் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். வயது 35, உயரம் 172 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. நாகர்கோவிலில் வீட்டில் உட்கார்ந்தபடி மென்பொருள் வேலை. அப்பாவுக்கு நாற்பது வயதில் சர்க்கரை வந்தது. அறுபதில் ஒரு கால்விரலை எடுத்தார்கள். போன வருடம் எனக்கு எச்பிஏ1சி 6.1. அது 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறோம் என்று அர்த்தம். ஆகவே சட்டை அளவைப் பற்றிய கவலை இல்லை இது.

மிஃப்லின், செயின்ட் ஜியார் பெயர்களில் 1990இல் வந்த ஒரு சூத்திரம் உண்டு. அதன்படி நான் சும்மா படுத்துக் கிடந்தாலே 1,745 கலோரி செலவாகும். நாற்காலி வேலைக்காக அதை 1.2ஆல் பெருக்கினால் சுமார் 2,100. அதில் 500 குறைத்து 1,600க்குள் சாப்பிட வேண்டும். ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி என்பதால், 500 கலோரி பற்றாக்குறைக்கு ஒரு நாளில் கரைவது 65 கிராம்.

வெறும் 65 கிராம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாலே தராசில் 200 கிராம் ஏறும். ராத்திரி கருவாட்டுக் குழம்பு என்றால் உப்பு நீரைப் பிடித்துவைக்க, காலையில் ஒரு கிலோகூடக் கூடுதலாகக் காட்டும். எங்கள் தொழில் பாஷையில், சிக்னலைவிட இரைச்சல் பத்து மடங்கு பெரிசு. எனவே தினமும் எடை பார்த்தாலும் அன்றைய எண்ணுக்கு மதிப்புக் கொடுப்பதில்லை. ஏழு நாள் சராசரியை முந்தின வாரங்களின் சராசரியோடு ஒப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

செலவுப் பக்கம் பார்ப்போம். சுசீந்திரம், தேரூர் குளத்தோரமாக 5 கிலோமீட்டர் நடந்தால் கைக்கடிகாரம் 320 கலோரி என்கிறது. அந்த ஒரு மணி நேரம் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் எழுபது, எண்பது கலோரியும் அதில் அடக்கம். அது 2,100இல் ஏற்கெனவே வந்துவிட்டது. மறுபடி சேர்த்தால் ஒரே பில்லை இரண்டு தடவை எழுதிய கணக்கு. 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். கலோரி விஷயத்தில் இருப்பதிலேயே நல்ல கருவிக்கும் சராசரிப் பிழை 27 சதவீதம். அதை நம்பி டீக்கடையில் ரெண்டு பருப்புவடை சாப்பிட்டால் அன்றைய பற்றாக்குறை அங்கேயே முடிந்தது.

வரவுப் பக்கம் இன்னும் மோசம். எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரை நியூயார்க்கில் ஆராய்ந்து, 1992இல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் தாங்கள் சாப்பிட்டதை 47 சதவீதம் குறைத்தும், உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டியும் எழுதியிருந்தார்கள். இதை நான் பொய் என்று எடுத்துக்கொள்ளவில்லை. தட்டைப் பார்த்து மனக்கணக்குப் போடும் கண் அப்படித்தான் பார்க்கும்.

அதிலும் எங்கள் ஊர்த் தட்டு. செயலியில் 'அவியல், ஒரு கப்' என்று தேடினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எண்கள் வரும். அவியல், தீயல், புளிசேரி எல்லாவற்றிலும் கலோரியைத் தீர்மானிப்பது தேங்காயும் எண்ணெயும்தான். அதன் அளவு அம்மாவின் கைக்கு மட்டும் தெரியும்.

முதல் எட்டு வாரம் தட்டுத் தட்டாக எழுதினேன். டைரிப்படி நாளுக்கு 500 பற்றாக்குறை. தராசுச் சராசரிப்படி வாரத்துக்கு 250 கிராம்தான் குறைந்தது. 7,700ஆல் பெருக்கி ஏழு நாளுக்கு வகுத்தால் உண்மையான பற்றாக்குறை 275. இதுதான் விஷயம்: பற்றாக்குறையை முன்கூட்டிக் கணக்கிட முடியாது, சில வாரம் கழித்து, எடையிலிருந்து பின்னோக்கித்தான் கண்டுபிடிக்க முடியும். சூத்திரம் சொல்வது ஊகம். உடல் சொல்வது விடை.

சரியான தரவு சமையலறைக் காலண்டரில் இருந்தது. எண்ணெய் பாட்டிலைத் திறந்த தேதி, வாங்கிய தேங்காய் எண்ணிக்கை என அம்மா பல வருடமாகக் குறித்துவைக்கிறாள். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் 12 நாள் வருகிறது. அது சுமார் 8,200 கலோரி; மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 228. தினம் ஒரு தேங்காய். துருவல் 250 கிராம் என்றால் ஆயிரம் கலோரி, ஆளுக்கு 333. இரண்டும் சேர்ந்து 560. நான் குறைக்க நினைத்த மொத்தப் பற்றாக்குறையைவிட அதிகம், ஒரு கரண்டி சோறு போடுவதற்கு முன்பே.

தினம் அரைத் தேங்காய் போதுமே என்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஒனக்கு கொழுப்பு கொறையணும்னா எனக்கு எதுக்குலே கொறைக்கணும்?"

அம்மாவின் எடை 46 கிலோ. சட்டி ஒன்று, என் பற்றாக்குறை அவள் தட்டுக்கும் போகும். எந்தச் செயலியிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

உண்மையில் நம் ஊரில் கலோரி எண்ண ஆரம்பித்ததே வேறு காரணத்துக்காக. 1918இல் ராபர்ட் மக்காரிசன் குன்னூரில் பெரிபெரி நோய்க்காகத் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவுதான் பிறகு ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அங்கே இயக்குநராக இருந்த அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். யாருக்கு எவ்வளவு போதவில்லை என்று பார்ப்பதற்கான அட்டவணை அது. ஐந்து வருடத்தில் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அரிசி வரத்து நின்றது. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. ஆச்சிக்குப் பத்து வயது. மரச்சீனிக் கிழங்கு தின்று கிடந்த அந்த நாட்களை அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அகராதியில் பற்றாக்குறைக்கு ஒரே அர்த்தம். வேண்டாம் என்ற பிறகும் இன்னொரு கரண்டி போடும் பழக்கம் அங்கிருந்துதான் அம்மாவுக்கு வந்தது என்று நினைக்கிறேன். பசியை அறிந்தவர்கள் போட்ட கணக்கு அது. தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே இப்படி முடிவானது. பொதுச் சட்டியில் அரைத் தேங்காய். அம்மாவுக்குத் தனியாக ஒரு முட்டையும், சாயங்காலம் ஒரு பிடி நிலக்கடலையும் ரெண்டு மட்டிப்பழமும். கடிகாரக் கணக்கைச் சாப்பாட்டோடு சேர்ப்பதில்லை. நடையைக் காலுக்காக நடக்கிறேன்.

அடுத்த எட்டு வாரத்தில் வாரத்துக்கு 350 கிராம் குறைந்தது. அதாவது நாளுக்கு 385 கலோரி. இந்த வேகமும் நிலைக்காது. எடை குறையக் குறைய உடலின் செலவும் சுருங்கும். கெவின் ஹாலும் அவரது குழுவும் 2011இல் லான்செட் இதழில் தந்த தோராயக் கணக்கின்படி கிலோவுக்கு நாளொன்றுக்கு 24 கலோரி. ஐந்து கிலோ குறைந்தால் 120 கலோரி பற்றாக்குறை தானாகவே காணாமல் போகும். எடை ஒரே இடத்தில் நின்றுவிட்டது என்று புலம்புபவர்களின் உடல் அவர்களை ஏமாற்றவில்லை. வரவும் செலவும் அங்கே சமமாகிவிட்டன, அவ்வளவே.

எனக்கு இப்போது 79.2. எச்பிஏ1சி அடுத்த மாதம் பார்க்க வேண்டும். காலண்டரில் தேங்காய்க்கும் எண்ணெய்க்கும் பக்கத்தில் அம்மா தன் கையெழுத்தில் புதிதாக ஒரு வரிசை தொடங்கியிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே 47 என்று எழுதியிருக்கிறது.