ஒன் ஆஃப் எ கைண்ட்

எங்க கிளாஸ் குரூப்ல யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் இந்த வாழ்த்து தவறாம வந்துடும்: "யூ ஆர் ஒன் ஆஃப் எ கைண்ட்!" அறுபது பேருக்கும் இதே வரிதான். :-)

வார்த்தைக்கு வார்த்தை தமிழ்ல சொன்னா 'ஒரு ரகத்தில் ஒன்று'ன்னு வரும். கேட்டா பத்தோட பதினொண்ணு மாதிரி இருக்கு. ஆனா அர்த்தம் நேர் எதிர். அந்த ரகத்துல இருக்குறதே அது ஒண்ணுதான், ஜோடி கிடையாது. அதே 'டூ ஆஃப் எ கைண்ட்'னா ஒரே மாதிரி ரெண்டு பேர்! நம்ம ஊர்ல 'தனிப்பிறவி'ங்கறோம், 'அவன் தனி ரகம்ப்பா'ங்கறோம். ரெண்டாவது பாராட்டா நக்கலாங்கறது சொல்ற குரலைப் பொறுத்தது.

நான் இருக்குறது ஸ்ரீபெரும்புதூர் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார், ஒரகடத்துல ராயல் என்ஃபீல்டு பைக். ஒவ்வொரு வண்டிக்கும் 17 எழுத்து-எண் கொண்ட சேஸிஸ் நம்பர் உண்டு. செல்போனுக்கு 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. ஒரு நம்பர் மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாது. அப்போ எல்லாமே ஒன் ஆஃப் எ கைண்டா?

இல்லைங்குது எங்க பி.காம் பாடம். சரக்கிருப்பை மதிப்பிடச் சொல்ற கணக்கியல் தரநிலை 2-ல இதுக்கு ஒரு கோடு போட்டிருக்காங்க. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு வைக்க முடியாத பொருளா? அதோட அடக்கவிலையைத் தனியா கணக்கு பாரு. மாத்தி வைக்க முடியுமா? முதலில் வந்தது முதலில் போச்சுன்னு வை, இல்ல சராசரி போடு. நம்பர் வேற வேறயா இருந்தாலும் ஒரே மாடல் வண்டி ரெண்டாவது பக்கம்தான்.

பெரியப்பா பொண்ணு இங்கே ஒரு கம்பெனியில எட்டு வருஷமா கான்ட்ராக்ட்ல இருக்காங்க. அவங்க பாஸ் நம்பரும் வேற யாருக்கும் கிடையாது. ஆனா லீவு போட்டா அந்த சீட்ல வேற ஆள், லைன் நிக்காது. சம்பளம் ஏன்க்கா ஏறலைன்னு கேட்டேன். "புதுசா வர்ற பொண்ணு மூணு நாள்ல கத்துக்குதுடா, எனக்கு ஏன் ஏத்துவாங்க?" அந்த மூணு நாளும் கத்துக் குடுக்குறதே இவங்கதான்! அது எந்தக் கணக்குல வருது?

இந்த இங்கிலீஷ் வாசகத்தை அவங்களுக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "தனி ரகமா? அது எங்க சூப்பர்வைசரைச் சொல்லுவோம்"ன்னாங்க.