அப்பா பேர்ல ஒரு கொம்பு

அப்பாவோட பேர் ஒரு கொம்போட தொடங்கும். அதாவது 'செ', 'பெ' மாதிரி எழுத்துக்கு முன்னால வர்ற அந்தச் சுழி. 2022 மார்ச் மாசம் முழுக்க நான் ஒரு எடிட்டரை மூலநிரலிலிருந்து கட்டிக்கிட்டு இருந்ததுக்குக் காரணம் அந்தக் கொம்புதான்.

அப்பாவுக்கு 55 முடிஞ்சு ஈ.பி.எஃப் காசு எடுக்கிற நேரம். பி கார்ட்ல ஒரு பேர், அடையாள அட்டையில இன்னொரு பேர். தோட்டத்துல பொறந்த ஆள்களுக்கு இது புதுசில்ல. யாரோ காதுல விழுந்தபடி எழுதினது அப்படியே ஆயுசுக்கும் ஒட்டிக்கும். ரெண்டும் ஒரே ஆள்தான்னு சத்தியக் கடதாசியும் விளக்கக் கடிதமும் வேணும்னாங்க. டவுன்ல ஒரு கொமியூனிகேஷன்ல கடிதத்தை அடிச்சு, கேட்ட இடத்துக்கு ஈமெயில்ல அனுப்பினோம். ரெண்டு நாள் கழிச்சுப் போன் வந்தது. "இதென்ன, இங்கிலீஷ் எழுத்தா கெடக்கு?"

விஷயம் பாமினி. நம்ம நாட்டுல பாதிக் கடைகளில இன்னும் அந்த எழுத்துருதான். உள்ளே சேமிக்கிறது இங்கிலீஷ் எழுத்து, மேலே தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும். போர்வை இல்லாத கணினியில திறந்தா அப்பா பேர் வெறும் குப்பை. பசறைப் பக்கத்துல இருந்து திரும்பப் பதுளைக்கு வந்து போக அம்மாவுக்கு ஒரு நாள் வேலை போகும். எங்க பக்கம் ஒரு நாள் சம்பளத்தைப் 'பேரு'ன்னுதான் சொல்வோம். பேர் திருத்தப் போய் ஒரு பேரு போச்சுன்னு அம்மா சொன்னது கோபமா பகிடியான்னு எனக்கு இன்னும் தெரியல.

போன்ல யூனிகோடுல அடிச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. தம்பி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்தான், வீட்டுல இருந்த ஒரே போன் அவன் கையில. அதோட விஷயம் தெரிஞ்சு லயத்துல இன்னும் நாலு வீடு இதே மாதிரிக் கடிதத்தோட வந்து நின்னாங்க.

என்கிட்ட இருந்தது அண்ணன் கொழும்பில இருந்து வாங்கிட்டு வந்த ஒரு பழைய நெட்புக். இன்டெல் ஆட்டம் என்270, 2008இல் வந்த சிப். 1.6 கிகாஹெர்ட்ஸ், ஒரே கோர், 32 பிட் மட்டும். ரேம் 1 ஜி.பி. பேட்டரி செத்துப்போச்சு, வயர் கழண்டா அணைஞ்சிடும். டெபியன் 11 போட்டிருந்தேன். லிப்ரேஆபிஸ் திறக்கிறதுக்குள்ள தேத்தண்ணி போட்டுக் குடிச்சிடலாம். டெர்மினல்ல நானோ, விம் ரெண்டும் பறக்கும், ஆனா தமிழை உடைச்சுப் போடும். கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும். யூனிகோடுல கொம்பு சேமிக்கப்படுறதே எழுத்துக்குப் பின்னாலதான். அதைத் தூக்கி முன்னால வைக்கிற வேலையை வேற ஒருத்தர் செய்யணும். அதைச் செய்யற நிரலகத்துக்குப் பேர் ஹார்ஃப்பஸ். ஈமாக்ஸ் 27இல் இருந்து ஹார்ஃப்பஸ்ஸைப் பயன்படுத்துதுன்னு பல்கலைக்கழகத்துல படிக்கிற ஒரு அண்ணா சொன்னாரு. 27.2 மூலநிரலைப் பென்டிரைவ்ல போட்டுத் தந்தவரும் அவர்தான்.

(ஒரே கட்டளையில டெபியன்ல இருந்தே ஈமாக்ஸை இறக்கியிருக்கலாம். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் செய்யல. "உன் மெஷினுக்குன்னு நீயே கட்டினா வேகமா இருக்கும்"னு அவர் சொன்ன ஒரு வார்த்தையில விழுந்துட்டேன்.)

கட்டுறதுக்கு முதல் படி 'கன்ஃபிகர்'. தையல்காரர் அளவெடுக்கிற மாதிரி. முதல்ல நீ யாருன்னு கணினியைக் கேக்கும், என்னோடது 'ஐ686-பிசி-லினக்ஸ்-க்னூ'ன்னு பதில் சொல்லும். அப்புறம் குட்டிக் குட்டி நிரல்களா எழுதி, கம்பைல் பண்ணிப் பாக்கும். இந்தக் கணினியில ஒரு பாயின்டர் எத்தனை பைட்? இந்த ஃபங்ஷன் இருக்கா? அந்த நிரலகம் இருக்கா? நூத்துக்கணக்கான கேள்வி. என் நெட்புக்ல அந்தக் கேள்விகள் ஒவ்வொண்ணா ஏறிப் போறதைப் பாத்துக்கிட்டே இருக்கலாம். முடிவில மேக்ஃபைலை எழுதி வைக்கும். அளவு எடுத்த சீட்டு அதுதான்.

32 பிட் ஆளுக்குன்னே ஒரு தெரிவும் உண்டு: வைட்-இன்ட். சாதாரணமா 32 பிட் ஈமாக்ஸ் சுமார் 512 எம்.பி.க்கு மேல உள்ள ஃபைலைத் திறக்காது. எண்களுக்கு அதுல இடம் அவ்வளவுதான். வைட்-இன்ட் போட்டா அந்த எல்லை விரியும், வேகம் குறையும். அப்பா கடிதம் ஒரு பக்கம். வேணாம்னு விட்டேன்.

முதல் தடவை ஜிஃப், எக்ஸ்பிஎம், க்னூடிஎல்எஸ் இல்லைன்னு கன்ஃபிகர் நின்னுபோச்சு. டேட்டா கார்ட் போட்டு இறக்கினேன். ரெண்டாவது தடவை ஓடி முடிஞ்சது. 'மேக்' போட்டேன்.

அந்த மாசம் கரண்ட் எப்படி இருந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைசி நாள்களில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டு. நான் அட்டவணையைப் பாத்து, கரண்ட் வந்த உடனே மேக், போறதுக்கு முன்னால நிறுத்தம்னு ஓட்டினேன். மேக் பாவம், நல்ல பிள்ளை. எந்த ஃபைல் முடிஞ்சதுன்னு நேரத்தைப் பாத்துக்கும், முடிஞ்சதைத் திரும்பச் செய்யாது. ஒரு தடவை மட்டும் அட்டவணைக்கு முந்தியே கரண்ட் போச்சு. அப்ப ஓடிக்கிட்டு இருந்தது எக்ஸ்டிஸ்ப்.சி, எழுத்தைத் திரையில காட்டுற பகுதி, 30,000 வரிக்கு மேல. பாதி எழுதின ஆப்ஜெக்ட் ஃபைல் ஒண்ணு தங்கிடுச்சு. மேக் அதை முடிஞ்ச வேலைன்னு நம்பிடுச்சு. கடைசியா எல்லாத்தையும் இணைக்கிறப்போ ஃபைல் அறுபட்டிருக்குன்னு பிழை. அந்த ஒண்ணை மட்டும் அழிச்சுத் திரும்ப ஓட்டினா சரியாப் போச்சு, ஆனா அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரி.

ஈமாக்ஸ் திறந்தது. அப்பா பேரை அடிச்சேன். கொம்பு பின்னால.

அழுகையே வந்துடுச்சு. கன்ஃபிகர் கடைசியில காட்டின பட்டியலை மேலே தள்ளித் தேடினேன். ஹார்ஃப்பஸ்: இல்லை. ஜிஃப் இல்லைன்னா கத்தி நிறுத்துற அதே கன்ஃபிகர், ஹார்ஃப்பஸ் இல்லைன்னா ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடும். படம் காட்டாத ஈமாக்ஸ் குறைபாடு, தமிழ் உடையிற ஈமாக்ஸ் சும்மா ஒரு தகவல். எழுதினவங்க கெட்ட எண்ணத்துல செய்யலைன்னு தெரியும், ஆனாலும் அந்த ராத்திரி எனக்கு அப்படித்தான் பட்டது.

பொறுமை போச்சு. நிரலகங்களை இறக்கிட்டு, அந்த அண்ணாகிட்ட ஓடினேன். அவரோட ஐ5 லேப்டாப்புல 32 பிட்டாவே கட்டித் தந்தாரு, சில நிமிஷ வேலை. வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தா ஒரே வரி: 'செல்லாத கட்டளை'. பழக்கத்துல அவர் '-மார்ச்=நேட்டிவ்' போட்டிருக்காரு. மாசம் இல்ல, மெஷின் ஆர்க்கிடெக்சரோட சுருக்கம் அது. 'நேட்டிவ்'னா கட்டுற கணினிக்கு எது சொந்தமோ அது. அவர் சிப்புக்குத் தெரிஞ்ச புதுக் கட்டளைகளை எல்லாம் கம்பைலர் தாராளமா அள்ளிப் போட்டிருக்கு. என் ஆட்டத்துக்கு அந்தப் பாஷையே தெரியாது.

"மச்சான், சொறி"ன்னாரு. என்னத்தச் சொல்ல.

திரும்ப நெட்புக்லயே. 'மேக் கிளீன்', '-மார்ச்=பொன்னெல்'. ஆட்டத்தோட அந்தத் தலைமுறைக்கு ஜிசிசி வச்சிருக்கிற பேர் அது. பட்டியல்ல ஹார்ஃப்பஸ் 'ஆமா'ன்னு வந்த பிறகுதான் மேக் போட்டேன். ரெண்டு கரண்ட் வெட்டுக்கு நடுவுல முடிஞ்சது. பொன்னெல் போட்டதால வேகம் கூடிச்சான்னு கேட்டா, உண்மையா எனக்கு வித்தியாசம் தெரியல.

கடிதத்தை யூனிகோடுல அடிச்சு, பிடிஎஃப் ஆக்கி, பதுளையில பிரின்ட் எடுத்தோம். அப்பா முதல்ல படிச்சது தன்னோட பேரைத்தான், விரலை வச்சு.

"இது சரி"ன்னாரு. "இதுக்கா புள்ள ஒரு மாசம் தூங்கல?"

மத்த நாலு வீட்டுக் கடிதமும் அதே ஃபைலை நகல் எடுத்து, பேரை மாத்தி அடிச்சதுதான். டெபியன் 13இல் இருந்து 32 பிட் பிசிக்கு நிறுவி கிடையாது, அதனால அந்த நெட்புக் 12ஓட நிக்கும். இப்ப அது தம்பிகிட்ட இருக்கு. போன வாரம் பக்கத்து லயத்து ஆச்சி ஒருத்தங்க பி கார்டைப் பையில சுத்திக் கொண்டுவந்து அவன்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க. அவங்க பேர்ல ரெண்டு கொம்பு.