நரைத்த வீடும் ஓர் ஓவியரும்

அமெரிக்க நாட்டின் வடகிழக்குக் கோடியிலே, அத்திலாந்திக் சமுத்திரத்தை நோக்கியவாறு மெயின் மாநிலம் அமைந்துள்ளது. அதன் கரை நேர்கோடாக ஓடாமல், குடாக்களும் முனைகளுமாகக் கிழிந்த ஓலை போலக் காணப்படும். அம்முனைகளுள் ஒன்றிலே குஷிங் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அங்கே, கடலை நோக்கிச் சரியும் புல்மேட்டின் உச்சியில், காற்றாலும் உப்பாலும் நரைத்துப்போன மரவீடொன்று நிற்கின்றது. மாளிகைகள் பலவற்றைக் காட்டிலும் இவ்வீட்டைக் கண்டோர் தொகை அதிகம். ஆயின், அவர்களிற் பெரும்பாலார் கண்டது சித்திரத்திலேயே.

1948ஆம் ஆண்டு அன்ட்ரூ வையெத் என்பார் வரைந்த 'கிறிஸ்டினாவின் உலகம்' என்னும் ஓவியமே அது. காய்ந்த புல்வெளியில் இளஞ்சிவப்பு உடையணிந்த மாதொருத்தி, நமக்கு முதுகு காட்டியவளாய், கைகளை ஊன்றித் தொலைவிலுள்ள வீட்டை நோக்கியிருக்கிறாள். முகம் தெரிவதில்லை. மெலிந்த கைகளும், வீட்டை நோக்கிய அந்தத் தலையுமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன.

கிறிஸ்டினா ஒல்சன் உண்மையாகவே அவ்வீட்டில் தம் சகோதரர் அல்வாரோவுடன் வாழ்ந்தவர். நோயினாற் கால்கள் வலுவிழந்தபோதும் சக்கர நாற்காலியை அவர் ஏற்றாரல்லர், தவழ்ந்தே நடமாடினார். அவர் வயலிலே தவழ்ந்து செல்வதை மாடிச் சன்னலினூடே கண்ட ஓவியர், அதில் இரக்கத்திற்குரிய காட்சியைக் காணவில்லை. எவர் தயவையும் வேண்டாத ஓர் உறுதியையே கண்டார். அப்போது கிறிஸ்டினாவுக்கு வயது 55. உடலமைப்புக்கு மாதிரியாக அமர்ந்தவர் ஓவியரின் இளம் மனைவி பெட்சி.

இதனை 'உள்ளதை உள்ளபடி' வரைந்த படம் என்று கொள்வோர் குஷிங்குக்குச் சென்றால் ஏமாறுவர். வீட்டையும் களஞ்சியத்தையும் வையெத் தம் விருப்பப்படி பிரித்து வைத்தார். நிலத்தின் அமைப்பையும் மாற்றினார். கண்ணாற் கண்டதைப் பிரதி பண்ணுவது வேறு. கண்டதை வைத்துக்கொண்டு ஓர் உலகத்தை அமைப்பது வேறு. அவர் கையாண்ட முறையோ மிகப் பழையது: முட்டையின் மஞ்சட் கருவிலே நீரும் வர்ணப் பொடியும் கலந்து, மெல்லிய தூரிகையால் இழை இழையாகத் தீட்டுவது. விரைவில் உலரும் கலவையாதலால் ஒரு படத்துக்கு மாதக்கணக்கான பொறுமை வேண்டும்.

அக்காலத்து நியூயோர்க்கில் வீசிய காற்று வேறு. உருவங்களைத் துறந்து, வர்ணத்தையே பொருளாகக் கொண்ட ஓவியம் ஓங்கிய காலம். அந்நகரின் நவீன கலை நூதனசாலை வையெத்தின் படத்தை 1,800 டொலருக்கு வாங்கியது என்பது உண்மையே. ஆயினும் விமர்சகர் பலர் அவரை நாட்டுப்புறக் காட்சிகளை வரையும் பழமைவாதி என்றே ஒதுக்கினர். 1977இல், நூற்றாண்டின் மிகையாகப் புகழப்பட்ட ஓவியர் யார், குறைவாக மதிக்கப்பட்டவர் யார் என வினவப்பட்டபோது, ரொபர்ட் ரோசன்புளூம் என்னும் கலை வரலாற்றாசிரியர் இரண்டுக்கும் வையெத்தின் பெயரையே கூறினார்! வேடிக்கை என்னவெனில், புதுநெறியின் தலைமகனான ஜாக்சன் பொலொக்கும் 1945இலேயே நகரை விட்டு லோங் ஐலண்ட் தீவின் கிராமமொன்றிற் குடியேறி, அங்கே ஒரு களஞ்சியத்தில்தான் வரைந்தார். அவரை எவரும் நாட்டுப்புறத்தார் என்றாரில்லை.

வையெத்தின் மற்றோர் ஊர் பென்சில்வேனியாவிலுள்ள சாட்ஸ் போர்ட். 1917இல் அங்கே பிறந்த அவர், உடல்நலம் குன்றிய பிள்ளையாதலால், புகழ்பெற்ற நூற்சித்திரக்காரரான தந்தையிடம் வீட்டிலேயே பயின்றார். 1945இல், அவ்வூர்ப் புகையிரதக் கடவையில் நேர்ந்த விபத்திலே தந்தையும், ஒரு சிறு பேரப்பிள்ளையும் மாண்டனர். அடுத்த ஆண்டு வரைந்த 'குளிர்காலம்' என்னும் படத்தில், கடவையை அடுத்துள்ள குன்றிலிருந்து சிறுவனொருவன் தனியே இறங்கி ஓடிவருகிறான். கபில நிறப் புல்லைத் தவிர அதில் அதிகமில்லை. அவருடைய பிற்காலப் படங்களிற் சில உருக்கத்தை வேண்டி நிற்பன என்றே எமக்குத் தோன்றும், இக்குன்று அவ்வாறன்று.

கோடையில் குஷிங், மாரியில் சாட்ஸ் போர்ட் என வாழ்நாள் முழுவதும் இவ்விரு ஊர்களையுமே அவர் மாறி மாறி வரைந்தார். அல்வாரோ 1967இலும், கிறிஸ்டினா 1968இலும் மறைந்தனர். வீடு 1991 முதல் ரொக்லண்ட் நகரத்து பார்ன்ஸ்வேர்த் கலைக்கூடத்தின் உடைமையாயிற்று. வையெத் 2009 ஜனவரியில் தம் 91ஆவது வயதிலே சாட்ஸ் போர்ட்டில் காலமானார். அவரை அடக்கம் செய்த இடம் குஷிங். அவ்வீட்டை அடுத்த சிறு மயானத்தில், கிறிஸ்டினாவுக்கும் அல்வாரோவுக்கும் அருகிலே.