வேகாத சோற்றில் பதம்

தாம்பரத்தில் இருக்கும் என் நண்பருக்கு 2019 ஜூன் கடைசியில் தலைகால் புரியவில்லை. அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட்டவர்களில் கமலா ஹாரிஸும் ஒருவர். பெசன்ட் நகரில் வாழ்ந்த பி.வி. கோபாலனின் பேத்தி. தென்சென்னைக்காரர்களுக்கு உறவு கொண்டாடச் சொல்லித் தர வேண்டுமா? முதல் விவாதத்தில் அந்த அம்மாள் வெளுத்துக் கட்டியதும், கருத்துக் கணிப்பில் அவருடைய ஆதரவு கிடுகிடுவென்று ஏறியது.

"ஓய், பார்த்தீரா!" என்றார் நண்பர்.

"உலை கொதிக்கட்டும், ஐயா!" என்றேன்.

ஆயிரம் பேரைக் கேட்டு ஒரு தேசத்தின் மனத்தை அறியலாமா? தாராளமாக அறியலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதந்தான். ஆனால் வேகாத அரிசியை நசுக்கி என்ன பயன்? வாக்களிக்கப் பல மாதம் இருக்கையில் ஜனங்கள் சொல்வது பெரும்பாலும் தீர்மானம் அல்ல. காதில் விழுந்த பெயர். 2007 முழுவதும் நாடு தழுவிய கணிப்புகளில் முந்தி நின்றவர் ஹில்லாரி கிளின்டன். 2008-இல் வேட்பாளரானவர் ஒபாமா.

இது வெறும் வேடிக்கையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கணிப்பில் இறங்கியவருக்கு நன்கொடை வற்றுகிறது. விவாத மேடையில் இடம்பெறவும் கணிப்பில் இத்தனை சதவீதம் வேண்டும் என்று கட்சி விதித்தது. வேகாத அரிசியைப் பதம் பார்ப்பதோடு, அடுப்பிலிருந்து விறகையும் இழுத்துவிடுகிறார்கள்!

ஏறிய ஆதரவு சில மாதங்களில் சரிந்தது. பணம் போதவில்லை என்று சொல்லி, 2019 டிசம்பர் 3-ஆம் தேதி ஹாரிஸ் விலகினார். அயோவாவில் கட்சிக்காரர்கள் முதன்முதலாக வாக்களித்ததோ 2020 பிப்ரவரி 3-ஆம் தேதி.

அவரை ஏற்கவும் தள்ளவும் உரிமை பெற்றிருந்த கோடிக்கணக்கானவர்களை ஒருவரும் கேட்கவேயில்லை.