தோற்காதவர்களின் தோல்வி

தரவரிசைக் கணிதத்தில் ஆய்வு செய்யும் எனக்கு, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ஆட்ட நுணுக்கம் முழுதும் தெரியாது. ஆயினும் அதன் தேசிய வாகையரைத் தீர்மானிக்கும் முறை என் உறக்கத்தைப் பலமுறை கெடுத்திருக்கிறது.

நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆட்டங்கள். எல்லோரும் எல்லோரோடும் மோத வழியில்லை. எனவே 1936 முதல் பத்திரிகையாளர் வாக்கெடுப்பு மகுடம் சூட்டியது. 1998இல் கணினிக் கணக்கும் சேர்ந்தது. அப்படியும் 2003இல் எல்எஸ்யூ, யூஎஸ்சி என இரு வாகையர். 2014 முதல் ஒரு குழு நான்கு அணிகளைத் தேர்ந்து மோதவிட்டது.

2023இல் புளோரிடா ஸ்டேட் பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்றது. அதன் குவாட்டர்பேக் காயமுற்றிருந்ததைச் சுட்டி, ஒருமுறை தோற்றிருந்த அலபாமாவைக் குழு உள்ளே எடுத்தது. பின்னர் ஜார்ஜியாவிடம் புளோரிடா 63–3 எனத் தோற்றதும், குழு செய்தது சரியே என்றனர் பலர். அன்று அதன் முன்னணி வீரர் பலர் களமிறங்கவேயில்லை.

என் சமன்பாடும் அலபாமாவையே முன்னிறுத்தியது. பெருமைப்பட்டிருக்க வேண்டும், முடியவில்லை. எழுத்துத் தேர்வில் முதலிடம் பெற்ற என்னை, ‘வருங்காலத் திறன் போதாது’ என்று ஒரு நேர்முகக் குழு ஒருகாலத்தில் விலக்கியது. அதே தர்க்கத்தைத்தான் நான் கணிதமாக்கியிருந்தேன்.

2024இல் அணிகள் பன்னிரண்டாயின. ஐந்தாம் இடத்துக்காரரின் மனக்குறை பதின்மூன்றாம் இடத்துக்காரருக்கு இடம்பெயர்ந்தது, அவ்வளவே. யார் வெல்வார் என்பது கணிப்பு; யார் வென்றார் என்பது வரலாறு. ஆய்வேட்டில் இப்போது இரண்டையும் தனித்தனி அட்டவணைகளாக்கிவிட்டேன். மகுடம் எதற்குரியது என்பதைக் கணிதம் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.