வராத குழந்தைகளின் கணக்கு

நம் ஊர்க் குழந்தைகள் கண் மருத்துவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்கள்தான் சீஸன். பள்ளி விடுமுறை என்பதால், கண்ணாடி மாற்றவும் மாறுகண் ஆபரேஷன் செய்யவும் பெற்றோர் அதற்காகவே காத்திருப்பார்கள். 2020-ல் ஊரடங்கு தொடங்கியது மார்ச் 25-ம் தேதி.

மதுரையில் வாடகைக் கட்டடத்தில் கிளினிக் நடத்திவந்த அந்த டாக்டரம்மா, அதற்கு முந்தைய வருடம்தான் கடன் வாங்கிப் புதுக் கருவி வாங்கியிருந்தார். கிளினிக்கைத் திறக்கத் தடையில்லை. ஆனால், பஸ் ஓடவில்லை. அவரிடம் வருபவர்களில் பாதிப்பேர் சுற்றுக் கிராமத்துக்காரர்கள். எப்போதும் குட்டிக் குட்டிச் செருப்புகள் குவிந்துகிடக்கும் வாசலில், வரவேற்பில் இருக்கும் பெண்ணின் செருப்பு மட்டும் கிடந்தது.

பள்ளிகள் மூடியதால் அங்கே நடக்கும் கண் பரிசோதனை முகாம்களும் நின்றன. போனில் ஆலோசனை சொல்ல அரசு அனுமதித்தது. ஆனால், சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்காமல் ஒரு குழந்தைக்கு எப்படிப் பவர் சொல்வது? கடன் தவணையை ஆகஸ்ட் வரை தள்ளிப்போட ரிசர்வ் வங்கி வழிவிட்டது. தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. இரண்டு ஊழியர்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கவே வளையல்களை அடகு வைத்தார். இரவில் நோட்டை விரித்து, வரவேண்டிய பழைய பாக்கிகளைக் கூட்டிப் பார்ப்பார்.

பஸ்கள் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு, நவம்பரில் ஒரு பாட்டி தன் ஆறு வயதுப் பேத்தியைக் கூட்டிவந்தார். அந்தச் சிறுமிக்கு இடது பக்கம் சோம்பேறிக் கண். கண்ணில் பழுது இருக்காது. மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தப் பழகியிருக்காது. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் பட்டை ஒட்டி மூடினால் பலவீனமான கண் வேலை செய்யத் தொடங்கும். ஏழெட்டு வயதுக்குள் செய்தால்தான் நல்ல பலன். ஜனவரியில் தொடங்கிய சிகிச்சை பாதியில் நின்றிருந்தது. கண்ணாடி மே மாதமே உடைந்துபோயிருந்தது.

“ஏன் பாட்டி இவ்ளோ நாள் வரல? பஸ் விட்டு ரெண்டு மாசமாச்சே?”

பாட்டி தலைகுனிந்தார். “கண்ணாடிக் காசுல நானூறு ரூவா பாக்கி நிக்குதுல்ல தாயி. மகனுக்கும் வேல இல்ல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?”

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. அந்த நானூறு ரூபாய் அவருடைய நோட்டிலும் இருந்தது. எத்தனையோ இரவுகள் அதையும் சேர்த்துத்தான் கூட்டியிருந்தார். அந்த வரியில் ஒரு குழந்தையின் கண்ணும் இருந்தது அப்போது தோன்றவே இல்லை.

மறுநாள் அந்த நோட்டை வரவேற்புப் பெண்ணிடம் கொடுத்தார்.

“இதுல இருக்கிற எல்லாருக்கும் போன் போடும்மா. பணத்தப் பத்திப் பேசாத. புள்ளையக் கூட்டிட்டு வரச் சொல்லு, அவ்ளோதான்.”

ஒவ்வொருவராக வந்தார்கள். வாசலில் மறுபடி குட்டிச் செருப்புகள் சேர்ந்தன.

வங்கிக் கடன் 2023-ல் அடைந்துவிட்டது. வளையல்களும் வீடு திரும்பிவிட்டன. அந்தச் சிறுமி சிகிச்சையை விடாமல் தொடர்ந்தாள். பார்வை நன்றாகவே தேறியது. ஆனாலும், எழுத்துப் பலகையின் கடைசி இரண்டு வரிகளை இடது கண்ணால் அவளுக்கு இன்னும் படிக்க முடிவதில்லை.