பாண்டுப் உப்பளத்துச் சாலை

சென்ற பகுதியில் பவாய் ஏரிக்கரையில் நிறுத்திய சைக்கிள்களை இந்தப் பகுதியில் கிழக்கே, கடற்கழியை நோக்கித் திருப்புகிறேன். பழைய நாட்குறிப்பில் 2013-ஆம் ஆண்டு ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை, போகிப் பண்டிகை என்று குறித்திருக்கிறது. தாராவிச் சந்துகளில் பழம்பாயும் துடைப்பமும் எரிந்த புகையினூடே புறப்பட்டு, சயானையும் குர்லாவையும் இருட்டோடு இருட்டாகத் தாண்டி வந்த என் நண்பர், பாண்டுப் ரயில் நிலையத்து வாசலில் தலையில் மப்ளரும் கையில் சுக்குக் காப்பி நிரப்பிய பிளாஸ்க்குமாக எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஆறுமுகநேரிக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவராதலால் அண்ணாச்சி என்றே அழைத்துப் பழக்கம். பம்பாய்க் குளிரை வடக்கத்தியார் குளிராக மதிப்பதில்லை. ஆயினும் 1962 ஜனவரி 22 அன்று பாதரசம் 7.4 டிகிரிக்கு இறங்கிய நகரம் இது. அந்தப் போகி விடியற்காலையிலும் சைக்கிளின் கைப்பிடி விரலைச் சுடுவதுபோல் சில்லிட்டிருந்தது.

சைக்கிள்களைத் தோளில் சுமந்து பாதசாரிப் பாலத்தின் படிகளில் ஏறி, நடுவில் சற்று மூச்சு வாங்க நின்றோம். கீழே ஓடும் அந்தத் தண்டவாளங்களை நான் ஒருபோதும் சாதாரணமாகக் கடந்ததில்லை. 1843-இல் பம்பாய் அரசாங்கத்தின் தலைமை இஞ்சினீயரான ஜார்ஜ் கிளார்க் இந்தப் பாண்டுப்புக்கு வந்திருந்த சமயத்தில்தான், பம்பாயைத் தாணாவோடும் கல்யாணோடும் அப்பாலுள்ள மலைச்சரிவுகளோடும் இணைக்க ஓர் இருப்புப்பாதை போட்டால் என்ன என்ற எண்ணம் அவர் மனத்தில் முதன்முதலாக உதித்தது என்று ரயில்வே சரித்திரம் சொல்லுகிறது. பத்து ஆண்டுகள் கழித்து, 1853 ஏப்ரல் 16 அன்று, 14 பெட்டிகளில் சுமார் 400 விருந்தினரை ஏற்றிக்கொண்டு போரி பந்தரிலிருந்து தாணாவுக்குச் சென்ற முதல் பிரயாணி வண்டி, நாங்கள் நின்ற இடத்தின் வழியாகவே போயிற்று. பாதைக்கு மேற்கே, விஹார் ஏரியைச் சூழ்ந்த குன்றுகளின் அடிவாரத்தில், ஆசியாவின் பெரிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஒன்று இருந்து நகரத்துக்குக் குடிநீர் அனுப்புகிறது. கிழக்கே, நகரம் குடித்துக் குளித்துக் கழித்த நீர் வந்து சேரும் பம்பிங் ஸ்டேஷன் இருக்கிறது. நாங்கள் இறங்கியது கிழக்கே.

விரைவு நெடுஞ்சாலையைக் கடந்து பம்பிங் ஸ்டேஷன் சாலைக்குள் நுழைந்ததும், லாரிகளின் இரைச்சல் முதுகுக்குப் பின்னால் மெல்ல மெல்ல அடங்கி, இருபுறமும் அலையாத்திச் செடிகள் ஆள் உயரத்துக்கு அடர்ந்து, வண்டித்தடம் போன்ற ஒரு மண்பாதை பனிமூட்டத்துக்குள் புகுந்து மறைந்தது. முத்துப்பேட்டைக் காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சேற்று வாசனையை விவரிக்க வேண்டியதில்லை. அமாவாசை கழிந்து இரண்டாம் நாளாகையால் காலை வற்றம் நெடுந்தூரம் இறங்கி, கழியின் சேற்றுப்பரப்பு விஸ்தாரமாகத் திறந்து கிடந்தது; அதன் விளிம்பில் பூநாரைகள் சில நூறு, தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகச் சேற்றில் அளைந்துகொண்டிருந்தன. நகரத்தின் கழிவுநீர் கொண்டுவரும் சத்தில் பாசி செழிக்க, அந்தப் பாசியைத் தின்று இந்தப் பறவைகள் இளஞ்சிவப்பு நிறம் பெறுகின்றன என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. இந்தக் கழி 2015-இல் பூநாரைச் சரணாலயமாயிற்று, 2022-இல் ராம்சர் பட்டியலிலும் ஏறிற்று. நாங்கள் போன நாளில் அங்கே அறிவிப்புப் பலகை ஒன்றும் கிடையாது.

பறவைகளை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியின் கண்கள் பாதைக்கு இப்புறம் கண்ணாடித் துண்டுகள்போல் பளபளத்த உப்பளப் பாத்திகளில் பதிந்திருந்தன. அவருடைய தகப்பனார் ஆறுமுகநேரி அளத்தில் வெள்ளை வெயிலில் உப்பு வாரிக் கண்பார்வை மங்கியவர். சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு, குனிந்து, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"தம்பி, இங்க எல்லாம் நேர்மாறால்லா இருக்கு! நம்ம ஊர்ல இப்பத்தான் மழைத்தண்ணி வடியும். இங்கயோ பாத்தியில பூக்கவே ஆரம்பிச்சிட்டு."

உண்மைதான். ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டும் தூத்துக்குடிச் சீமைக்குத் தை, மாசிக்கு மேலேதான் உப்புக்காலம். ஆனி, ஆடியில் மழை கொட்டித் தீர்ந்துவிடும் கொங்கணக் கரையிலோ மார்கழியிலேயே வேலை மும்முரம். முறைமை மாத்திரம் இரண்டிடத்திலும் ஒன்றே. கடல்நீரை ஒரு பெரிய பாத்தியில் நிறுத்தி, வெயிலிலும் காற்றிலும் சுண்டவிட்டு, அடுத்தடுத்த பாத்திகளுக்கு இறக்கி, உப்புச் செறிவில் மூன்று டிகிரியாக இருந்த நீர் இருபத்தைந்து டிகிரியை எட்டும்போது உப்பு மணிமணியாகக் கட்டுகிறது. கருவி ஏதுமின்றி நீரின் நிறத்தைக் கொண்டே டிகிரி சொல்லுவாராம் அவர் தகப்பனார். அண்ணாச்சி இந்தப் பாத்தியிலிருந்து அந்தப் பாத்திக்கு நடந்து நடந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் சொல்லிக்கொண்டே போனார். முப்பது வருஷம் தாராவியில் தோல் பதனிட்ட மனிதரின் குரலில் அவ்வளவு வாஞ்சையை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

2024 செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது. காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் உப்பள நிலத்தில் ஏறத்தாழ 256 ஏக்கரைத் தாராவிப் புனரமைப்புக்காக, அங்கேயே வீடு பெறத் தகுதியில்லாதவர் என்று கணக்கிடப்படுவோருக்கு வாடகைக் குடியிருப்புகள் கட்டுவதற்காகக் குத்தகைக்கு எடுக்க மகாராஷ்டிர அமைச்சரவை இசைந்தது. தாராவியாருக்கு நல்ல வீடு வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் அபிப்பிராயமே இல்லை. ஆனால் 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரத்தை மூழ்கடித்ததைக் கண்ட எவரும், மழைநீரும் ஏற்றநீரும் வந்து தங்குவதற்கென்றே தாழ்ந்து கிடக்கும் இந்த மண்ணைக் காலிமனை என்று சொல்லத் துணியலாகாது. ஏழைகளைக் கொண்டுபோய்த் தண்ணீரின் இடத்தில் குடிவைப்பது தர்மமாகாது. செய்தி வந்த அன்றைக்கு அண்ணாச்சி என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நாம நின்ன வரப்புதானே தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வெகுநேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் போகி நாளில் நேரம் பத்தரையைத் தாண்டியிருக்கும். ஏற்றம் தொடங்கி, கால்வாயில் நீர் நுரை கட்டிக்கொண்டு மேலேறி வந்தது. ஆகரி வகுப்பைச் சேர்ந்த முதியவர் ஒருவர் - மராத்தியில் உப்பளத்துக்கே ஆகர் என்றுதான் பெயர் - மதகின் பலகையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது ஊறிப் பருத்து அசைய மறுத்தது. அண்ணாச்சி காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, தாராவி மராத்தியில், "தாத்தா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்று சொல்லிச் சேற்றில் இறங்கினார். இருவருமாக மும்முறை உந்தியதும் பலகை மேலே வந்தது. கழிநீர் சலசலத்துக்கொண்டு முதற்பாத்திக்குள் பாய்ந்தது. "மூணு டிகிரி," என்றார் அண்ணாச்சி, என்னை நிமிர்ந்து பார்த்து.